மெஷினுக்கு முன்னால் வந்த நாற்காலி

நடுவர் அவர்களே, வணக்கம். 'தொழில் தொடங்க வைப்பது கணக்கா, ஆழ்மனமா?' இதுதான் தலைப்பு. சந்தையில தேவை இருக்கு, கையில முதல் இருக்கு, கூட்டிக் கழிச்சுப் பாத்து இறங்குறான், இதுல மனசுக்கு என்ன வேலைன்னு எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா, நிஜமாவே கூட்டிக் கழிச்சவன் எவனாவது மாசச் சம்பளத்தை விடுவானா?

எங்க சித்தப்பா ஒரு நூல் மில்லுல 14 வருஷம் சூப்பர்வைசர். 41 வயசுல வேலையை விட்டுட்டு ஆஃப்செட் பிரஸ் போட்டார். ஏன் பிரஸ்னு பேங்க்ல கேட்டாங்க. 'நம்ம ஏரியாவுல கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆள் இல்ல சார்.' ப்ராஜெக்ட் ரிப்போர்ட் 22 பக்கம். சுத்தமான கணக்கு. ஆனா மெஷினுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு வாங்கினார்: கறுப்பு ரெக்சின் போட்ட சுழல் நாற்காலி. பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கல, உக்காந்தா சரக் சரக்குனு சத்தம். மெஷினே இல்லாத வெறும் ஷெட்டுல அதுல உக்காந்து, ரோட்டைப் பாத்து மெதுவா ஒரு சுத்து சுத்தினார். சித்தி என் காதுல சொன்னாங்க: 'மில்லுல மேனேஜர் ரூமுக்குப் போனா, உக்காருன்னு ஒருத்தன் சொன்னதில்லடா.'

அந்த 22 பக்கத்துல இது எந்தப் பக்கம், நடுவர் அவர்களே?

லாபம் மட்டுமில்ல, தனக்குன்னு ஒரு ராஜ்ஜியம் அமைக்கிற கனவும் தொழில் தொடங்கறவங்களை ஓட்டுதுன்னு சொன்னவர் ஷும்பீட்டர். அவர் சாமியார் இல்ல, பொருளாதார அறிஞர். சித்தப்பாவோட ராஜ்ஜியம் பத்துக்குப் பதினாறு ஷெட், அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிரணி சகோதரி ஆந்திராவுல இருக்கற காக்கிநாடாவைச் சொன்னாங்க. 1964-ல அமெரிக்க உளவியல் அறிஞர் மெக்லெல்லண்ட் அங்க வியாபாரிகளுக்குப் பயிற்சி குடுத்தார், அதனால தொழில்முனைவு படிச்சு வர்றதுன்னாங்க. சரிம்மா, என்ன பாடம் எடுத்தார்? கணக்குப் பேரேடு எழுதறதா? படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார். கதையில வர்ற ஆள் எதுக்கு ஏங்குறான்னு பாத்து, அந்த ஏக்கத்தைத்தான் தீட்டப் பாத்தார். நீங்க கொண்டு வந்த சாட்சி எங்க பக்கம்தான் பேசுது!

தொழிலதிபர் சி.கே.ரங்கநாதனை எடுத்துக்கங்க. அப்பா சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டுல அடைச்ச முன்னோடி. அவர் காலத்துக்கப்புறம் அண்ணன்களோட ஒத்துவராம, 15,000 ரூபாயோட வெளிய வந்து 1983-ல தனியா ஆரம்பிச்சார். ஷாம்பூவுக்கு என்ன பேரு? சிக். சின்னியில 'சி', கிருஷ்ணன்ல 'க்'. பின்னால கம்பெனிக்கு கெவின்கேர்னு பேர் மாத்தினபோதும் இங்கிலீஷ்ல எழுதினா அப்பாவோட இனிஷியல் C, K உள்ள வந்து உக்காந்துடுச்சு. அவர் மனசுக்குள்ள நான் புகுந்து பாக்கல, தெரிஞ்சேதான் அந்தப் பேரை வெச்சார். பாக்கெட் விலையில கணக்கு இருக்கு, ஒத்துக்கறேன். கோவிச்சுட்டு வெளிய வந்த பிள்ளை அப்பா பேரைத் தூக்கிட்டு வர்றதுல என்ன கணக்கு?

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கறேன். சித்தப்பாவோட பிரஸ் போன வருஷம் மூடியாச்சு. மெஷின் போச்சு, கட்டிங் மெஷினும் போச்சு. அந்த நாற்காலிக்குப் பழைய சாமான் கடைக்காரர் 300 ரூபா தர்றேன்னார். ரெக்சின் கிழிஞ்சு பஞ்சு தெரியுது, ஒரு சக்கரம் இல்ல. கணக்குப்படி குடுத்திருக்கணும்.

வாசல்ல ரோட்டைப் பாத்துப் போட்டிருக்கார். நன்றி, வணக்கம்.