மங்கியது சூரியனா, கருவியா?

அவையோரே, சூரியனின் புற ஊதாக் கதிர்களை அளக்க விண்வெளிக்குப் போவதன் காரணம் எளிது. ஏறத்தாழ 290 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கதிர்களை ஓசோனும் ஆக்சிஜனும் மேலேயே உறிஞ்சிவிடுகின்றன. அவை தரைக்கு வந்து சேர்வதில்லை. 1946 அக்டோபரில், ரிச்சர்டு டூசி பணியாற்றிய அமெரிக்கக் கடற்படை ஆய்வகக் குழு, வி-2 ராக்கெட்டில் நிறமாலைக் கருவியை ஏற்றி அனுப்பி, அந்தப் பகுதியை முதன்முதலாகப் பதிவு செய்தது.

சூரியனின் மொத்த ஆற்றல், அதன் செயற்பாடு கூடிக் குறையும் பதினோராண்டுச் சுழற்சியில் 0.1 சதவீத அளவே மாறுகிறது. ஆனால் 121.6 நானோமீட்டரில் ஹைட்ரஜன் வெளியிடும் லைமன் ஆல்ஃபா கதிரோ, வலுவான சுழற்சிகளில் ஒன்றரை மடங்குக்கும் மேல் உயர்கிறது. 242 நானோமீட்டருக்குக் குறைந்த கதிர்களே ஆக்சிஜன் மூலக்கூறைப் பிளந்து ஓசோன் உருவாக வழிசெய்கின்றன என்பதால், இந்த ஏற்ற இறக்கத்தைத் துல்லியமாக அறியாமல் ஓசோன் படலத்தின் கணக்கைச் சரிபார்க்க இயலாது.

இங்கேதான் உண்மையான இடர்ப்பாடு தொடங்குகிறது. விண்கலத்தின் பசைகளிலிருந்தும் பூச்சுகளிலிருந்தும் கசியும் கரிமச் சேர்மங்கள் ஆடியின்மீது படிய, நாம் அளக்க விரும்பும் அதே கதிர்கள் அவற்றை இறுகச் செய்து, கருவியின் பார்வையை ஆண்டுக்கு ஆண்டு மங்கவைக்கின்றன. 200 நானோமீட்டருக்கு அருகே ஒரு முழுச் சுழற்சியில் நிகழும் மாற்றம் சில சதவீதமே. கருவியின் தேய்வு அதைவிட மிகுதியாக இருக்கக்கூடும். அளவு குறைந்தால், மங்கியது சூரியனா, கருவியா என்பதை எப்படிப் பிரித்தறிவது?

1991-இல் ஏவப்பட்ட யுஏஆர்எஸ் செயற்கைக்கோள் இதற்கு இரு வேறு வழிகளைக் கையாண்டது. சூசிம் என்னும் கருவி தன்னுள்ளேயே புற ஊதாக் கதிர் தரும் டியூட்டீரியம் விளக்குகளை வைத்து ஒப்பிட்டது. சால்ஸ்டிஸ் என்னும் கருவியோ, பகலில் சூரியனைப் பார்த்த அதே ஒளியியல் உறுப்புகளைக் கொண்டு இரவில் பொலிவான நீல விண்மீன்களைப் பார்த்தது. சூரியனைவிடப் பல கோடி மடங்கு மங்கிய அவற்றுக்காக நுழைதுளையை அகலமாக்கி, நெடுநேரம் ஒளியைச் சேர்க்க வேண்டியிருந்தது. பல விண்மீன்கள் ஒரேபோல் மங்கித் தெரிந்தால், குறை கருவியினுடையது. என் மதிப்பீட்டில், இத்துறையின் மிக அழகிய ஏற்பாடு இதுவே.

சூரிய நிறமாலையில் 280 நானோமீட்டரில் தெரியும் மெக்னீசியம் வரியின் மையத்துக்கும் ஓரங்களுக்கும் உள்ள விகிதத்தை எடுப்பதும் பயனுள்ள உத்தி. அருகருகே இருக்கும் அலைநீளங்கள் ஏறத்தாழ ஒரே அளவில் தேய்வதால், விகிதத்தில் அந்தத் தேய்வு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் எழாமலில்லை. 2003-இல் ஏவப்பட்ட சோர்ஸ் விண்கலத்தில், சூரிய ஒளியை அலைநீளவாரியாக அளக்கும் சிம் கருவி, அப்போது நடந்த சுழற்சியின் இறங்குமுகத்தில் புற ஊதாக் கதிர்கள் கணிப்பு மாதிரிகள் கணித்ததைவிடப் பல மடங்கு குறைந்ததாகக் காட்டியது. அதில் பெரும்பகுதி திருத்தப்படாத கருவித் தேய்வே என்று பின்னர் பலர் வாதிட்டனர். எனவேதான், 2017 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்ற டிசிஸ்-1 என்னும் சூரியக் கருவித்தொகுதியின் சிம் கருவியில் ஒளி செல்லும் மூன்று தடங்கள் வைக்கப்பட்டன: ஒன்று வழக்கமாகச் சூரியனைப் பார்க்க, மற்ற இரண்டும் அரிதாகவே திறக்கப்பட்டு, முதலாவது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகின்றன.