மேடையா? மேசையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காரைக்குடிப் பெரியோர்களே, ஆச்சிமார்களே, வணக்கம். பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்த அடிகளாரின் குன்றக்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் அலங்காரத்தைக் குறைத்து நேரே பொருளுக்கு வருகிறேன்.

பல வருஷம் பார்த்த வேலையை விட்டு விடைபெறுகிறவர், தோள் கொடுத்தவர்களைப் பாராட்ட ஏற்ற இடம் மேடையா, மேசையா? இதுதான் தலைப்பு. மேசை என்று வாதிட வந்திருக்கிறேன். மேசை என்றால் அந்த மனிதர் வேலை பார்க்கும் இடம். பட்டறைக்காரருக்குப் பட்டறைத் தரை, ஓட்டுநருக்கு வண்டிக் கொட்டகை.

மேடையில் சொன்னால்தான் நாலு பேர் அறிவார்கள் என்றார் எதிரணித் தலைவர். ஐயா, அந்த மேடையே விடைபெறுகிறவருக்காகப் போட்டது. பிளக்ஸில் அவர் படம், பொன்னாடையும் அவருக்கு. ஏற்புரைக்கு மிஞ்சுவது கடைசிப் பத்து நிமிஷம். அதிகாரியில் தொடங்கிப் பதவி வரிசையில் பெயர் சொல்லிக்கொண்டே வந்தால், துப்புரவு பார்க்கும் அம்மா "மற்றும் அனைவருக்கும்" என்ற சொல்லுக்குள் போய்விடுகிறார். விழா நடக்கும் நாளையும் பாருங்கள். மாதக் கடைசி நாள். பொறுப்பு ஒப்படைப்பு, சாவி, இருப்புப் பதிவேடு, நிலுவையின்மைச் சான்று எல்லாம் அன்றைக்கே. மாலை நாலு மணிக்கு விழா. மனசைத் திறந்து பேசுகிற நாளா அது?

நம் வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சூளை கிடையாது. கண்ணாடித் துண்டின் மேல் சட்டம் வைத்து, பூ அச்சை இறக்கி, வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி ஈரம் இழுக்கவிட்டு, மேலே ஈரக் கலவை போட்டுக் கரணையால் மட்டம் செய்கிறார்கள். இறுகியபின் சில நாள் தண்ணீர்த் தொட்டி. பூவைப் பார்க்கிற எல்லாரும் குழம்பு ஊற்றிய கையைத்தான் புகழ்வார்கள். ஆனால் கண்ணாடியில் தூசி இருந்தால் கல்லின் முகத்தில் குழி விழும். குழம்பு நீர்த்துப்போனால் அச்சைத் தூக்கும்போது சிவப்பும் பச்சையும் ஒன்றில் ஒன்று ஓடும். தொட்டியிலிருந்து அவசரப்பட்டு எடுத்தால் வெடிக்கும். கண்ணாடி துடைத்தவர், குழம்பு கரைத்தவர், தொட்டியைப் பார்த்துக்கொண்டவர், இவர்களுக்கு "நல்ல ஒத்துழைப்பு" என்று பொதுவாகச் சொன்னால் என்ன விளங்கும்? "நீங்கள் துடைத்த கண்ணாடியில் ஊற்றிய கல் குழி என்று திரும்பி வந்ததில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அவர் என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது, இந்த இரண்டும் வேண்டும். அதைச் சொல்லும்போது அவர் கை பட்ட கல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று மேடையில் சொல்லவே முடியாது. கூட்டலில் விழுந்த தப்பைத் தணிக்கை வருமுன் கண்டுபிடித்து, ஓசைப்படாமல் காட்டித் திருத்தச் சொன்னவர் எந்த அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். இருக்கிற உதவிகளில் பெரியது அது. ஒலிபெருக்கியில் சொன்னால் இருவருக்கும் சங்கடம். அவர் மேசைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டியது அது.

எப்படிச் செய்வது? ஒரு மாதம் முன்னால் தொடங்க வேண்டும். பதவி வரிசையில் பட்டியல் போட்டால் விட்டுப்போகும். வேலை கெட்டுப்போன நாட்களை நினைவில் எடுத்து, அன்றைக்கு யார் நின்றார் என்று எழுதினால் சரியான பெயர்கள் வரும். நாளுக்கு இரண்டு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம். கையெழுத்தில் அரைத்தாள் கொடுத்தால் அது வீட்டில் அலமாரிக்குப் போகும். அவருடைய மேலதிகாரிக்கு ஒரு கடிதம், அதுவும் பணியில் இருக்கும்போதே. ஓய்வுக்குப் பிறகு அது வெளியாள் கடிதம்.

நகரத்தார் மண்ணுக்கு ஒப்படைப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மா, மலாயாவில் அவர்கள் நடத்திய வட்டிக் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படி இருந்தது. மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பும் மேலாள், கடையின் சொத்தும் கடனும் காட்டும் ஐந்தொகை எடுத்து, வருகிறவரிடம் கடையை ஒப்படைத்தார். கடைப்பழக்கம் தெரிந்த கீழாட்களை நம்பித்தான் புதியவர் உட்கார முடியும். இன்றைய ஒப்படைப்புக் குறிப்பில் கோப்பு எண் இருக்கிறது, ஆள் பெயர் இல்லை. "பழைய பதிவேடு எந்த அலமாரி என்று இன்னாருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால் அவருடைய அருமை உங்கள் தலைக்குள்ளேயே இருந்து உங்களோடு வெளியே போய்விடும். புதிய அதிகாரிக்கு அவர் வெறும் வருகைப் பதிவேட்டுப் பெயர்.

எதிரணி நண்பர்களே, மாலை போடுங்கள், பொன்னாடை போர்த்துங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாலு மணி விழாவுக்கு இரவுக் காவலர் வந்திருக்க மாட்டார். அவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அவரைப் பார்க்க முந்தின நாள் ராத்திரி வாசல் கதவுக்குத்தான் போக வேண்டும், நடுவர் அவர்களே.