மூன்று விநாடி மௌனம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடுகளை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில், இரண்டாம் ஆண்டு கணித வகுப்பின் பின்வரிசையில் ஒருநாள் அமர்ந்திருந்தேன். வெண்பலகையில் 42-இலிருந்து 17-ஐக் கழிக்கும் கணக்கை எழுதிய ஆசிரியை, "யார் சொல்வீங்க?" என்று கேட்ட அதே மூச்சில், "இருபத்தைந்து, சரிதானே?" என்று விடையையும் தாமே சொல்லிவிட்டார். "சரி டீச்சர்" என்று வகுப்பே பாடியது. சன்னலோரச் சிறுவன் ஒருவன் பாதி உயர்த்திய கையை இறக்கி, அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டான்.

இதை அந்த ஆசிரியையின் குறையாக நான் கருதவில்லை. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை 1970-களிலேயே மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒலிப்பதிவுகளைக் கொண்டு கண்டறிந்தார். அதையே மூன்று விநாடியாக நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, வாய் திறவாதவர்களும் பேசத் தொடங்கினர். கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேரே பாலர் பள்ளிக்குச் சென்றிருந்தனர். அத்தகைய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த இரண்டு விநாடி வேறுபாடு சிறியதன்று.

நம் மலேசியாவில் 2013-இல் தொடங்கிய கல்விப் பெருந்திட்டத்தின்கீழ், ஆசிரியர்களுக்குத் துணை நிற்க மாவட்டக் கல்வி அலுவலகங்களில் முழுநேரப் பயிற்றுநர்கள் அமர்த்தப்பட்டனர். மலாய், ஆங்கிலம், கணிதம் ஆகிய பாடங்களில் தொடங்கிய நல்ல ஏற்பாடு அது. ஆனால் பின்வரிசையில் புதியவர் ஒருவர் தாளும் பேனாவுமாக அமர்ந்தால், ஆசிரியருக்கு அவர் புள்ளி போட வந்தவராகத்தான் தெரிகிறார். அன்றைய பாடம் அவருக்காக நடக்கிறதே தவிர, பிள்ளைகளுக்காக நடப்பதில்லை. புள்ளி போடுகிறவரும் துணை நிற்கிறவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாநிலத்தில், தாய்மொழியான செட்சுவானாவில் வாசிக்கக் கற்பிக்கும் ஏழைப்பள்ளிகளில், வகுப்புக்கே வந்து துணை நிற்கும் பயிற்றுநரால் பயன் உண்டா என்று சோதித்தார்கள். ஒரே வகைப் பாடத்திட்டமும் நூல்களும் பெற்ற இரு பிரிவு ஆசிரியர்களில், ஒரு பிரிவினர் ஓரிடத்தில் கூடிப் பயிற்சி பெற்றனர். மற்றவர்களின் வகுப்புக்கே பயிற்றுநர் சென்றார். ஈராண்டுகளுக்குப் பின், வாசிப்பில் திட்டத்தால் கிடைத்த கூடுதல் பயன், முதல் பிரிவைவிட இரண்டாம் பிரிவுப் பிள்ளைகளிடம் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. இம்முறையில் செலவு அதிகம் என்பதும், திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பயன் மெலிகிறது என்பதும் உண்மைதான். ஒரு பயிற்றுநர் தலையில் பள்ளிகளை அடுக்கினால், அவர் ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் விருந்தாளியாகிவிடுகிறார்.

அன்று சிற்றுண்டிச்சாலையில் தேநீர் அருந்தியபடி, அந்த ஆசிரியையிடம் நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன்: "சன்னல்பக்கம் கை தூக்கின பையன் என்ன சொல்ல வந்தான்னு நினைக்கிறீங்க, டீச்சர்?" அவர் அவனைக் கவனிக்கவில்லை. அடுத்த முறை கேள்விக்குப் பின் மனத்துக்குள் மூன்று எண்ணுவதாக ஒப்புக்கொண்டார். ஒரே நேரத்தில் பத்துக் குறைகளைச் சுட்டியிருந்தால், அவர் என்னை மறுபடி வகுப்புக்குள் விட்டிருக்கமாட்டார்.

மூன்றாம் முறை நான் சென்றபோது 61-இலிருந்து 34-ஐக் கழிக்க வேண்டியிருந்தது. ஆசிரியை கேட்டுவிட்டு, எழுதுகோலைக் கையில் இறுகப் பிடித்தபடி நின்றார். அமைதி எங்கள் இருவருக்குமே நெடியதாகத்தான் இருந்தது. சன்னலோரச் சிறுவன் எழுந்து, "முப்பத்து மூனு டீச்சர்" என்றான். எப்படி என்று கேட்டதற்கு, "சின்ன நம்பர்ல இருந்து பெரிய நம்பரக் கழிக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, அதான் நாலுல இருந்து ஒன்ன எடுத்தேன்" என்றான்.

ஆசிரியை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ்கிரீம் குச்சிகளில் ஆறு கட்டுகளையும் ஒரு தனிக்குச்சியையும் அவன் மேசையில் வைத்து, ஒரு கட்டின் ரப்பர் வளையத்தை அவனையே அவிழ்க்கச் சொன்னார்.