சாதகத்தோடு ஓர் இரத்த அறிக்கையும்

(கிளிநொச்சியில் இளம் மருத்துவர் ஒருவருக்கு நடந்த பாராட்டு விழாவில் ஆற்றிய உரை)

மாவட்டச் செயலர் அவர்களே, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஐயா அவர்களே, வாசலில் நின்று வரவேற்ற அதிபர் அம்மா அவர்களே, முதுமையிலும் நேரத்தோடு வந்து முன்வரிசையில் இருக்கும் ஆலய தர்மகர்த்தா ஐயா அவர்களே, கமக்கார அமைப்பினரே, தாய்மாரே, வணக்கம். பொன்னாடை போர்த்திய பழைய மாணவர் சங்கத்துக்கும் நன்றி.

வன்னி மண்ணில் வளர்ந்து, யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்து, இன்று குழந்தைகளின் இரத்த நோய்களில் மேற்பயிற்சியும் ஆராய்ச்சியும் செய்கிற எங்கள் மகளின் படிப்பு, அவர் கண்ட ஒரு நோய், நாங்கள் செய்யவேண்டியது என்று மூன்று விடயம் பேச வந்தேன். இரணைமடுத் தண்ணீரை நம்பி வாழும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்: வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்.

படிப்பென்றால் ஐந்து வருட எம்.பி.பி.எஸ்., ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதன்பின் எம்.டி. என்ற மேற்படிப்பு. அது கிடக்க, ஒரு சம்பவம்.

முல்லைத்தீவுப் பக்கத்துத் தாய் ஒருவர் கைக்குழந்தையோடு கிளினிக்குக்கு வந்தார். பிள்ளை வெளிறிப்போய், பால் குடிக்கவே களைத்தது. நாவூறென்று பேத்தியார் செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார். பிறகு யாரோ சொல்லி, இரும்புச்சத்துப் பாணி போத்தல் போத்தலாகக் கொடுத்தார்கள். எங்கள் டொக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார். சட்டையை உயர்த்தி இடப்பக்க வயிற்றைத் தடவினார். வீங்கிய மண்ணீரல் கையில் தட்டுப்பட்டது. நிமிர்ந்து கேட்டார்: "அம்மா, நீங்களும் அவரும் சொந்தமோ?"

"ஓம் டொக்டர், மாமியின்ரை மகன்தான். பத்துப் பொருத்தத்திலை ஒன்பது இருந்தது."

பிள்ளைக்குத் தலசீமியா; பெற்றோர் வழியாக வரும் பரம்பரை இரத்த நோய். தாய், தகப்பன் இருவருமே அந்தக் குறையைச் சுமப்பவர்கள். அவர்களுக்கோ ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இந்த நோய் வர நாலில் ஒரு பங்கு ஆபத்து. இனி அந்தப் பிள்ளைக்கு மூன்று நாலு கிழமைக்கொருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை; இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை இறக்கவும் ஆயுள் முழுக்க மருந்து. வெள்ளம் வந்தபிறகு போடும் அணை எவ்வளவு தாங்கும், சொல்லுங்கள்!

சைப்பிரஸ் தீவில் 1970களில் பரிசோதனையைத் தொடங்கினார்கள். கலியாணத்துக்குமுன் தேவாலயமே சான்றிதழ் கேட்கும். இன்று அங்கே தலசீமியாவோடு பிள்ளை பிறப்பது அரிது. தர்மகர்த்தா ஐயா, எங்கள் கோவில்களும் கேட்கலாமே? சாதகம் பார்க்கும்போதே இருவரும் எப்.பி.சி. என்ற இரத்த அணுப் பரிசோதனை எடுக்கட்டும், சிவப்பணு சிறிதாயிருந்தால் அடுத்த பரிசோதனைக்குப் போகட்டும். கலியாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பெண்ணின் தலையில் பழி போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். இருவரும் தெரிந்து முடிவெடுக்கட்டும்.

மே 8 உலக தலசீமியா தினம். அன்று இதே மண்டபத்தில் முதல் பரிசோதனை முகாம் நடக்குமென்று பணிப்பாளர் ஐயா இந்த மேடையிலேயே ஒரு சொல் தரவேண்டும்.