அடுத்த அறையில் அசைந்த முள்

அன்பார்ந்த மாணவர்களே, ஆசிரியப் பெருமக்களே,

கம்பியில் மின்சாரம் ஓடினால் அருகிலுள்ள திசைகாட்டி முள் திரும்பும் என்று டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1820இல் கண்டறிந்தார். மின்சாரம் காந்தத்தை உண்டாக்குமானால், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா? அறிஞர் பலரின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது.

1825இல் ஜெனீவாவில் கொலாடோன் என்ற இளைஞர் ஒரு கம்பிச் சுருளைச் செய்தார். மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரை நீண்ட கம்பிகளால் அதனுடன் இணைத்து, அடுத்த அறையில் வைத்தார். காந்தமே முள்ளை நேராக இழுத்துவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை. வலிமையான காந்தத்தைச் சுருளுக்குள் செருகிவிட்டு, அடுத்த அறைக்கு நடந்துபோய்ப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் நின்றது.

அவர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் முள் அசைந்து, தன் இடத்துக்கே திரும்பிவிட்டது! எத்தனை முறை சொன்னாலும் என் மனம் கனக்கும் கதை இது. அவர் பிழை எதுவும் செய்யவில்லை. அவருடைய கவனமே அவரைத் தடுத்துவிட்டது.

லண்டனில் மைக்கேல் ஃபாரடே, கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர், 1831 அக்டோபர் 17 அன்று காகிதக் குழாயின்மேல் செப்புக் கம்பியைச் சுற்றி, அதற்குள் ஒரு காந்தத் தண்டைச் சட்டென்று நுழைத்தார். முள் துள்ளியது. காந்தம் உள்ளே அசையாமல் கிடந்தபோது முள்ளும் அசையவில்லை. வெளியே இழுத்தார்; முள் எதிர்த்திசையில் துள்ளியது.

காந்தம் சுருளுக்குள் இருப்பதால் பயனில்லை. சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றம் விரைவானால் மின்னழுத்தம் கூடும். கம்பியின் சுற்றுகள் அதிகமானாலும் கூடும். நுழைக்க ஒரு திசை, இழுக்க மறுதிசை என்று மாறுகிறதே, அதுதான் நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தின் வேர். அனல்மின் நிலையத்தில் இருதுருவ மின்காந்தம் நிமிடத்துக்கு 3000 முறை சுழல்கிறது. நொடிக்கு 50 சுழற்சி. அதுவே நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்.

காந்தங்களை அடுக்கி வைத்தால் எரிபொருளே இல்லாமல் மின்சாரம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள். பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். சக்கரத்தில் அதைச் சாய்த்து விளக்கை எரியவிட்டதும் மிதிப்பது கனக்கும். உராய்வு மட்டும் காரணமன்று. சுருளில் ஓடும் மின்னோட்டம் தானும் ஒரு காந்தமாகி, தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கிறது. 1834இல் லென்ஸ் என்ற இயற்பியல் அறிஞர் வகுத்த விதி இது. அந்த எதிர்ப்பை மீறி மிதிக்கும் கால்தான் விளக்கை எரிக்கிறது.

இந்த மண்டபத்தில் இப்போது ஒரு மின்விசிறியைப் போட்டால், எங்கோ சுழலும் மின்னாக்கிகளுக்கும் அந்தக் கனம் துளியளவு கூடும். அதை ஈடுகட்ட அங்கே நீராவியோ தண்ணீரோ சற்றுக் கூடுதலாகப் பாய வேண்டும்.