என் வீட்டுக்கு நானே கேக்காத வாடகையை புரோக்கர் கேக்குறாரு!

வணக்கம் மக்களே! எப்பவும் என் கையில இருக்குற காபி டம்ளரைக் காணோமேன்னு இந்நேரம் கமெண்ட் போட ஆரம்பிச்சிருப்பீங்க. போட்ட காபி உள்ள ஆறிப் போய்க் கெடக்கு. அவ்ளோ கடுப்புல இருக்கேன்.

மாடி போர்ஷன் காலி ஆகுதுன்னு போன வீடியோல சொன்னேன்ல, பேங்க்ல வேலை பாக்குற தம்பி ட்ரான்ஸ்ஃபர் வாங்கிட்டு கோயம்புத்தூர் போறாருன்னு. அவர் போய்ட்டாரு. நான் போட்டோ எடுத்து, 'வாடகை 21,000, புரோக்கர்கள் கூப்பிட வேண்டாம்'னு கொட்டை எழுத்துல நெட்ல விளம்பரம் குடுத்தேன். நேத்து என் நாத்தனார் பொண்ணு ஒரு லிங்க் அனுப்புறா. "அத்தை, இது நம்ம வீடு மாதிரியே இருக்கே"ன்னு. மாதிரியா? நம்ம வீடேதான்! வாசல்ல நான் போட்ட கோலம் இருக்கு, மொட்டை மாடிக் கொடியில காயுற என் நைட்டி கூட இருக்கு. வாடகை மட்டும் 25,000. அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். கீழ ஒரு வரி வேற, 'ஓனர் குறைக்க மாட்டார்'. ஏம்ப்பா, ஓனர் நான்தானே, என்னைக் கேட்டியா?

சும்மா விடுவேனா, வீடு தேடுற மாதிரி அந்த நம்பருக்கு ஃபோன் போட்டேன். "மேடம், ஓனர் அம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட். எனக்குப் பழக்கம், நான் பேசி முடிச்சுத் தர்றேன், எனக்கு ஒரு மாச வாடகை"ன்னாரு. எனக்குப் பழக்கமாம்! நான் என்ன சொன்னேன்னு இங்க சொன்னா வீடியோவுக்கு மஞ்சள் டாலர் விழுந்துரும், அதான் யூடியூப் விளம்பரக் காசைக் குறைச்சிரும். விளம்பரத்தை ரிப்போர்ட் பண்ணேன், சாயங்காலம் எடுத்துட்டாங்க. காலைல பாத்தா வேற பேர்ல, 24,500-னு திரும்ப நிக்குது. 500 தள்ளுபடி போல.

இவங்களுக்கு இந்த தைரியம் எங்கருந்து வருதுன்னா, எங்க ஏரியா இப்ப அப்படி. சென்னைல வளசரவாக்கம் தெரியும்ல, ஆற்காடு ரோட்டை மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தப்ப வீடு பாக்க வந்தவங்க தூசியப் பாத்துட்டே வண்டியத் திருப்பிட்டுப் போவாங்க. இப்ப ஆழ்வார்திருநகர்ல இருந்து ஆலப்பாக்கம் வரைக்கும் ஒரே தூண்ல ரெண்டு அடுக்கா பாலம். பூந்தமல்லி–கலங்கரை விளக்கம் மெட்ரோ லைன், மாதவரம்–சோழிங்கநல்லூர் லைன், ரெண்டுக்கும் சேத்து எங்க தலைக்கு மேலயே பாலம். ராமாபுரம், மணப்பாக்கம் பக்கம் ஐடி கம்பெனிக்கு வர்ற பசங்க வேற. விளம்பரம் போட்ட அன்னிக்கு சாதம் வடிக்க விடல, அவ்ளோ ஃபோன். ஒருத்தர் வீட்டைப் பாக்காமலே, "2,000 சேத்துத் தர்றேன், ஜிபே நம்பர் அனுப்புங்க ஆன்ட்டி"ங்குறாரு. வீட்டுல ஜன்னல் இருக்கா, தண்ணி வருதான்னு கேக்க வேணாமாப்பா?

"அப்போ 25,000-க்கே விட்டுருங்களேன்"னு எங்க வீட்டுக்காரரே சொன்னாரு. அவருக்கு பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டினேன். மாசம் 4,000 கூடுதல்னா வருஷத்துக்கு 48,000. சரியா? அந்த வாடகை கட்டுப்படியாகாம ஒரு வருஷத்துல அவங்க காலி பண்ணிட்டாங்கன்னு வைங்க. ஒரு மாசம் வீடு பூட்டிக் கெடந்தா 25,000 போச்சு. மறுபடி பெயின்ட் அடிக்கணும், இந்தத் தடவை எனக்கு ஆனது 23,500. கூட்டுங்க, 48,500. கையை விட்டு 500 ரூவா போகுது! பேங்க் தம்பி நாலு வருஷம் இருந்தாரு. மூணாந்தேதி தாண்டினதில்ல. அப்படி ஒருத்தர் கெடைச்சா 21,000 எனக்குப் போதும்.

பெயின்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது. தம்பிக்கு அட்வான்ஸ் முழுசாத் திருப்பிக் குடுத்தேன். பெயின்டிங் சார்ஜுன்னு ஒரு மாச வாடகையக் கழிக்கல. அதுக்கு எதிர் வீட்டு ஓனரம்மா என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறாங்க. நான் ரேட்டைக் கெடுக்குறேனாம்! 2017-ல தமிழ்நாட்டுல வாடகைச் சட்டம் ஒண்ணு வந்துச்சு, 2019 பிப்ரவரில இருந்து நடைமுறைல இருக்கு. அதோட ரெண்டாவது அட்டவணைல யார் எதைப் பாத்துக்கணும்னு பிரிச்சே போட்டுருக்கு. சுவத்துக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், பைப் லைன் மாத்துறது, வயரிங், இதெல்லாம் ஓனர் தலைல. குழாய் வாஷர், கீசர், ஸ்விட்ச், வாஷ்பேசின், க்ளோசெட் ரிப்பேர், ஒடைஞ்ச ஜன்னல் கண்ணாடி, இதெல்லாம் குடியிருக்கிறவங்க பாத்துக்கணும். அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டா அது வேற கதை, அதான் எதிர் வீட்டம்மா எழுதி வாங்கிக்கிறாங்க. அட்வான்சும் அப்படித்தான், தனியா ஒப்பந்தம் இல்லன்னா மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது, காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள குடுத்துரணும். நான் மூணு மாசந்தான் வாங்குறேன். ஒன்றரை லட்சத்தை வாங்கி வெச்சுட்டு, திருப்பிக் குடுக்கும்போது எவன்கிட்ட போய் நிக்கிறது?

அய்யோ, ஒண்ணு விட்டுட்டேன். அந்த 23,500-ல ஓதம் பாத்த செலவு சேரல. வடக்குச் சுவர் உப்பிக்கிட்டு இருந்துச்சுல்ல, சுரண்டி, காய விட்டு, வாட்டர் ப்ரூஃபிங் அடிச்சுட்டுத்தான் சுவத்தை வழவழப்பாக்குற பட்டி, பிரைமர் எல்லாம். அது தனி பில். காயாத சுவத்துல பெயின்ட் அடிச்சா அடுத்த மழைக்கே பொரிஞ்சு வரும், மேஸ்திரி அவசரப்படுத்துனாலும் விடாதீங்க.

இப்ப கேளுங்க, நான் ரெண்டு நாளா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுற விஷயத்தை. ஃப்ளஷ் டேங்க்! மாடில ஆளே இல்ல, ஆனா மேல் டேங்க் தண்ணி கொறைஞ்சுக்கிட்டே போகுது. பிளம்பர் வந்து பாத்தாரு. "டேங்க்கையே மாத்தணும்மா, 3,800 ஆகும், கூலி தனி"ன்னாரு. எனக்கு மனசு ஒப்பல. டேங்க் மூடியத் தொறந்து, சொட்டு நீலம் இருக்குல்ல, வெள்ளத் துணிக்குப் போடுறது, அதுல நாலு சொட்டு விட்டேன். ஃப்ளஷ் பண்ணக் கூடாது, அப்படியே விட்டுறணும். அரை மணி கழிச்சுப் போய்ப் பாக்குறேன், கீழ க்ளோசெட்ல நீலமா இறங்கி நிக்குது! அப்போ அடியில இருக்குற ரப்பர் வாஷர் அடைக்கல. கழட்டுனா அதுல நம்ம போர் தண்ணி உப்பு, கல்லு மாதிரி படிஞ்சு கெடக்கு. மெயின் ரோடு ஹார்ட்வேர் கடைல காட்டினேன். 60 ரூவா. அறுபதே ரூவா! மாட்டிட்டு மறுபடி நீலம் விட்டேன். ராத்திரி பூரா விட்டும் ஒரு சொட்டு இறங்கல. வீட்டுக்காரரை எழுப்பிக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். காலங்கார்த்தால பாத்ரூமைப் பாக்கவா எழுப்புனன்னாரு. ஆமா, 3,740 ரூவா மிச்சம், எந்திரிச்சுப் பாருங்கன்னேன்.

போர் தண்ணி இருக்குற வீட்டுல அந்த ஒத்தக் கைப்பிடி மிக்ஸர் குழாய் வேணவே வேணாம். உள்ள உப்பு ஏறி ஒரு வருஷத்துல இறுகிக்கும். பித்தளைக் குழாய் போடுங்க, வாஷர் மாத்திக்கிட்டே ஓட்டலாம். அப்புறம் அந்த ஒட்டுற கொக்கி, டபுள் சைட் டேப்! அதைப் பாத்தாலே எனக்கு ஆகாது. பிய்க்கும்போது பெயின்ட், பட்டி எல்லாத்தையும் சேத்து உரிச்சுக்கிட்டு வரும். 'ஆணி அடிக்கக் கூடாது'னு சொல்ற ஓனருங்களாலதான் எல்லாரும் இந்த டேப்புக்குப் போறாங்க. என் வீட்டுல ட்ரில் போட்டு அடிங்க, தாராளமா. ஓட்டைய அடைக்க ஒரு கரண்டி பட்டி போதும்.

யாருக்கு வீடுன்னு இன்னும் முடிவாகல. பேச்சுலர்னா ஆகாது, சிக்கன் சமைச்சா ஆகாதுன்னு சொல்ற ஆளு நான் இல்ல, எங்க வீட்டுலயே ஞாயித்துக்கிழமை மட்டன். ஒரு அம்மா வந்தாங்க, உள்ள வந்ததும் எல்லாக் குழாயையும் தொறந்து பாத்துட்டு, "ஈபி மீட்டர் தனியா?"ன்னு கேட்டாங்க. தனிதான், ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி சர்வீஸ், யூனிட்டுக்கு இவ்ளோன்னு நான் வசூல் பண்றதில்ல. கேட்ட விதமே எனக்குப் புடிச்சிருச்சு. இன்னொருத்தர் நல்ல சம்பளம், ஆனா அக்ரிமென்ட்டை அரசாங்கத்தோட வாடகை வெப்சைட், அந்த டெனன்சி போர்ட்டல்ல பதிய வேணாம், வெறும் பத்திரத்துல எழுதிக்கலாம்னாரு. பதியாம நான் சாவி குடுக்க மாட்டேன். நாளைக்கு ஒரு தகராறுன்னா ரெண்டு பேருக்குமே அதுதான் புடிமானம். அவரு யோசிச்சுச் சொல்றேன்னு போயிருக்காரு.

இன்னொண்ணு, கமெண்ட்ல வந்து "ஆன்ட்டி, எங்களுக்குக் குடுங்க"ன்னு கேக்காதீங்க. சேனல் பாக்குறவங்களுக்கு வீடு விடுறதில்லன்னு ஏற்கெனவே சொல்லிருக்கேன். வாடகை லேட்டானா நான் எப்படி ஃபோன்ல பேசுவேன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது பாருங்க. 25,000-னு அந்த லிங்க் உங்க கண்ணுல பட்டா மட்டும் ரிப்போர்ட் பண்ணிட்டு எனக்கும் அனுப்புங்க.