வயதைப் பார்த்துப் பூக்கும் செடிகள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுக்குள்ளேயே விதை போட்டுச் செடி வளர்ப்பது பற்றி, அதுவும் முதல்முதலாகத் தொடங்குகிறவர்களுக்குப் புரியும்படி பேச வேண்டும் என்று வானொலியில் அழைத்தார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 31 வருடம் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு புதுச்சேரியிலும் கடலூரிலும் நிறையப் பேர் கேட்கிறார்கள்: "டீச்சர், தக்காளி நன்றாக முளைத்தது, அப்புறம் ஏதோ ஆகிவிட்டது." அந்த 'ஏதோ' என்ன என்பதுதான் இன்றைக்குப் பேச்சு.

எங்கள் வீட்டு அவரைக்கொடியிலிருந்து தொடங்குகிறேன். என் மாமியார் பாட்டிலில் சாம்பல் கலந்து வைத்திருந்த அவரை விதை. ஒரே வருடத்து விதை. ஆடியில் இரண்டு இடத்தில் ஊன்றினோம். ஒன்று கொல்லையில் கிணற்றடியில், இன்னொன்று வாசலில் கேட்டுக்குப் பக்கத்தில். இரண்டும் ஒரே மாதிரி ஏறின. கார்த்திகை வந்தது. கிணற்றடிப் பந்தல் முழுக்க ஊதாப் பூ, கொத்துக் கொத்தாக. வாசல் கொடியில் ஒரு மொட்டு கிடையாது. இலை மட்டும் கரும்பச்சையாக, உள்ளங்கை அகலம்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணேறு என்றார் எதிர்வீட்டு அக்கா. சாணி அதிகமாகிவிட்டது என்றார் பால்காரர். மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் ராத்திரி வாசற்படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், "இந்த வெளிச்சத்திலே ஊசி கோக்கலாம் போலிருக்கு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆவணியில் எங்கள் வாசலுக்கு நேரே புதிதாக ஒரு வெள்ளை எல்இடி தெருவிளக்குப் போட்டிருந்தார்கள். அந்த விளக்கு விடிய விடிய அந்தக் கொடிமேல் விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த வருடம் அதே இடத்தில் அதே விதையை மறுபடி ஊன்றினேன். புரட்டாசி கடைசியில் இரண்டு மூங்கில் கழி நட்டு, நான்கு கோணிப்பையைச் சேர்த்துத் தைத்து, விளக்குக்கும் கொடிக்கும் நடுவே படுதா மாதிரி கட்டினேன். வேறு எதையும் மாற்றவில்லை. எரு அதேதான், தண்ணீரும் அதேதான். கார்த்திகையில் படுதாவின் நிழல் விழுந்த பக்கமெல்லாம் பூத்தது. படுதா எட்டாமல் ஓரமாக வெளியே நீட்டியிருந்த கிளைகளில் பூ மிகவும் குறைவு. அந்த வருடப் பிள்ளைகள் 40 பேரை வரிசையாக வீட்டுக்கு அழைத்து வந்து காட்டினேன். பகல், ராத்திரி நீளத்தைப் பொறுத்துச் செடி பூப்பதற்குப் பாடப்புத்தகத்தில் 'ஒளிக்காலத்துவம்' என்று இருந்த சொல் அன்றைக்குத்தான் அவர்களுக்கு ஒரு கொடியாகத் தெரிந்தது.

இதைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. அமெரிக்க வேளாண்மைத் துறையில் கார்னர், அல்லார்டு என்று இரண்டு பேர். மேரிலாண்ட் மாமத் என்ற புகையிலை ரகம் கோடைக்காலத்தில் ஆளை விட உயரமாக வளர்ந்ததே தவிர, மற்ற புகையிலையோடு சேர்ந்து பூக்கவில்லை. அதே செடி குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் சின்னதாக இருக்கும்போதே பூத்தது. உரமா, வெப்பமா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் கோடையிலேயே தொட்டிகளைச் சாயங்காலம் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பார்த்தார்கள். பூத்துவிட்டது. 1920இல் இதை எழுதி வெளியிட்டார்கள். 1938இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தை என்ற களைச்செடியை வைத்து இன்னொன்றைக் காட்டினார்கள். செடி கணக்கு வைப்பது பகலை அல்ல, ராத்திரியை. நீண்ட ராத்திரியின் நடுவே சில நிமிடம் வெளிச்சம் காட்டினாலே போதும், அது பூப்பதை நிறுத்திவிடும். என் வாசல் கொடிக்கு ராத்திரியே வரவில்லை என்றால் அது எப்படிப் பூக்கும்?

நம் ஊரில் ராத்திரி அவ்வளவு மாறுகிறதா என்று நீங்கள் கேட்கலாம். புதுச்சேரியில் ஜூனில் நீண்ட பகல் சுமார் 12 மணி 50 நிமிடம். டிசம்பரில் குறுகிய பகல் சுமார் 11 மணி 25 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணிக்கும் குறைவு. நமக்குத் தெரியாது. அவரைக்குத் தெரியும். பழைய சம்பா நெல்லுக்குத் தெரியும், சாமந்திக்குத் தெரியும், புளிச்சகீரைக்குத் தெரியும். சித்திரையில் பந்தல் அவரை போட்டவர்கள் ஐப்பசி வரைக்கும் இலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பேச்சுக்குள் மழைக்கணக்கோடு இந்த ராத்திரிக் கணக்கும் சேர்ந்தே இருக்கிறது.

சரி, இப்போது இன்னொரு கூட்டம். தக்காளி, மிளகாய், கத்தரி, வெள்ளரி, பந்தல் ஏறாத குத்தவரை. இவை ராத்திரி எவ்வளவு நீளம் என்று பார்ப்பதில்லை. பிறந்து இத்தனை நாள் ஆயிற்றா, பூத்துவிடும். புத்தகத்தில் நாள் நடுநிலைத் தாவரம் என்பார்கள். நான் பிள்ளைகளிடம் 'வயசுச் செடி' என்று சொல்வேன். 1966இல் பிலிப்பைன்சிலிருந்து வந்த ஐஆர் 8 நெல்லும் இந்த வகைதான். எந்தப் பட்டத்தில் விதைத்தாலும் கதிர் வந்தது, அது நாட்டையே மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்குள், அடுக்குமாடியில், பால்கனி கிரில்லில் செடி வளர்க்கிறவர்களுக்கு இந்த வயசுச் செடிதான் ஏற்றது. ராத்திரி 11 மணி வரை ஹாலில் விளக்கு எரிந்தாலும் அது பூக்கத் தவறாது. ஆனால், நேயர்களே, இதை இரண்டு தடவை சொல்கிறேன். வயசுச் செடி காத்திருக்காது. வயசுச் செடி காத்திருக்கவே காத்திருக்காது. அவரைக்கு முதல் மாதம் சரியாகத் தண்ணீர் காட்டாமல் விட்டுவிட்டாலும் அது தேறிக்கொள்ளும், கார்த்திகை வரை அவகாசம் இருக்கிறது. தக்காளிக்கு அந்த அவகாசம் இல்லை. முதல் 20 நாள் வாடிப்போனால், வாடிய உடம்போடேயே பூக்கத் தொடங்கிவிடும். அப்புறம் நீங்கள் என்ன உரம் போட்டாலும் சுண்டைக்காய் அளவில் நான்கு காய்தான்.

எனக்கு இது புரிந்தது என் அப்பாவின் வயலில். புவனகிரி பக்கம், கடைமடை நிலம். குறுகிய காலக் குறுவை நெல்லுக்கு 18 முதல் 22 நாளில் நாற்றைப் பறித்து நட்டுவிட வேண்டும். நீண்ட காலச் சம்பா நாற்று 35, 40 நாள் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். ஒரு வருடம் வாய்க்காலில் தண்ணீர் வர நாளாகி, குறுவை நாற்று நாற்றங்காலிலேயே 40 நாள் நின்றுவிட்டது. நட்டார்கள். தூர் கட்டுவதற்குள் முழங்கால் உயரத்திலேயே கதிர் எட்டிப் பார்த்தது. அப்பா வரப்பில் நின்று ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து எண்ணினார். எண்ணிவிட்டு ஒன்றும் பேசாமல் இடுப்புத் துண்டில் முடிந்துகொண்டார். எனக்கு அப்போது 11 வயது. தக்காளி நாற்றைப் பிளாஸ்டிக் கப்பில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, "பூத்தது டீச்சர், காய்க்கவில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கை நினைவுக்கு வரும்.

ஆகவே முதல் 20 நாள். அதைச் செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

விதை வாங்கும்போது பாக்கெட்டில் முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி இரண்டையும் பாருங்கள். கையில் பழைய விதை இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து ஒரு டப்பாவில் வையுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது, ஏனென்றால் விதையும் மூச்சு விடுகிறது. தக்காளி ஐந்து முதல் ஏழு நாளில் வெள்ளையாக வேர் நீட்டும். மிளகாய்க்குப் பத்துப் பன்னிரண்டு நாள்கூட ஆகும், பொறுமை வேண்டும். பத்தில் ஆறுக்குக் கீழே முளைத்தால் புது விதை வாங்கிவிடுங்கள். நம் ஊர் வெப்பமே முளைப்புக்குப் போதும். ஏசி ஓடும் அறையில் மட்டும் வைக்காதீர்கள்.

முளைத்ததைக் குழித்தட்டுக்கு மாற்றலாம், அல்லது நேரே தட்டிலேயே விதைக்கலாம். கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கும். கடற்கரை ஊர்களில் பல போர் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. இளம் வேருக்கு இந்த உப்பு ஆகாது. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதில் உப்பு இன்னும் கூடுதல். நாற்றுக்கு அது வேண்டவே வேண்டாம். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் அமிர்தம். அலசிய கோகோபீட்டோடு மண்புழு உரம் மூன்றுக்கு ஒன்று, வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா விரிடி ஒரு சிட்டிகை. விதையை அதன் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் வைத்து, மேலே பூப்போலத் தூவுங்கள். கீரை விதையைப் புதைக்கவே வேண்டாம், தூவி லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

இப்போது வெளிச்சம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். மாரியம்மன் கோயில் முளைப்பாரியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஓட்டிலோ கூடையிலோ தானியம் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். ஒரு வாரத்தில் வெளுத்த மஞ்சளாக, மெல்லிசாக, சாண் உயரத்துக்கு நிற்கும். கண்ணுக்கு அழகு. எங்கள் தெருவில் முளைப்பாரி அறைக்குள் போகிறவர்கள் பேசக்கூட மாட்டார்கள், அவ்வளவு பக்தி. அந்தப் பயிர் இருட்டில் வெளிச்சத்தைத் தேடி, விதைக்குள் இருந்த சத்தையெல்லாம் செலவழித்து நீள்கிறது. கும்பிட்டு ஆற்றில் விடுவதற்கு அது சரி. காய்க்க வேண்டிய தக்காளி அப்படி நீண்டுவிடக் கூடாது. தட்டை எதையாவது போட்டு மூடியிருந்தால், முளை தலை தூக்கிய அன்றே அதை எடுத்துவிடுங்கள். ஒருநாள் தாமதித்தாலும் முளைப்பாரி ஆகிவிடும்.

"ஜன்னல் பக்கம்தானே வைத்தேன், நல்ல வெளிச்சமாச்சே" என்பார்கள். நம் கண் ஏமாற்றும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், டியூப் லைட் போட்ட அறையில் சில நூறு லக்ஸ்தான். நம் கண் இரண்டையும் 'வெளிச்சம்' என்கிறது, செடி அப்படிச் சொல்லாது. அதனால் வெயில் விழாத வீட்டில் சாதாரண வெள்ளை எல்இடி டியூப் ஒன்றை நாற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். ஒரு நாளைக்கு 14 மணி நேரம். செடி வளர வளர விளக்கையும் ஏற்றுங்கள். நாற்றுக்கும் கீரைக்கும் இது போதும். காய்க்கும் தக்காளிக்குப் போதாது, அதற்கு மாடியோ கிரில்லோ வேண்டும்.

வீட்டுக்குள் வைத்துத் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் என் மாடித் தொட்டிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களே வேரோடு சாய்ந்த புயல் அது. ஃபெஞ்சல் வந்த 2024 நவம்பரில் நாற்றுத் தட்டுகள் சமையலறை மேடையில் விளக்குக்குக் கீழே இருந்தன. மழை விட்டதும் அதே வாரத்தில் 22 நாள் நாற்றாக மாடியில் நட்டேன். ஒருநாள்கூட வீணாகவில்லை.

தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டுக்கு அடியில் ஒரு தாம்பாளத்தில் ஊற்றி உறிஞ்சவிடுங்கள். அரை மணியில் மீதியைக் கொட்டிவிடுங்கள். நாற்றின் கழுத்து நூல் போலச் சுருங்கி ஒருநாள் காலையில் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். அந்தக் குழியை மண்ணோடு எடுத்து எறியுங்கள், ஒரு சின்ன மின்விசிறியை மெல்ல ஓடவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐந்து விரல் காட்டுகிறார்கள். மகரந்தம் பற்றியும் விதை எடுப்பது பற்றியும் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தக்காளி நாற்றை 25 நாளுக்குள் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், ஒரே தடவைதான், வேர் கலையாமல். வெள்ளரியை மாற்றவே வேண்டாம், நேரே தொட்டியில் ஊன்றுங்கள். மாடிக்குக் கொண்டுபோகும் முன் ஒரு வாரம் காலை வெயிலில் மட்டும், முதல் நாள் ஒரு மணி, மறுநாள் இரண்டு மணி என்று பழக்குங்கள். காற்று வராத இடத்தில் தக்காளி பூத்தால் காலை ஒன்பது மணி வாக்கில் பூக்காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். வெள்ளரியில் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு இருக்கும் பெண் பூவில் தொட்டுவிடுங்கள். கத்திரி வெயிலில் தக்காளிப் பூ உதிரும், அது உங்கள் குற்றமில்லை.

விதை எடுக்கிறவர்கள் முதல் கொத்தில் நல்ல காய் ஒன்றை விட்டுப் பழுக்கவிடுங்கள். வீரிய ஒட்டு ரகத்தில் மட்டும் எடுக்காதீர்கள், அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. பந்தல் அவரை விதை வேண்டும் என்கிறவர்கள் தையில் என் வீட்டுப் பக்கம் வாருங்கள். படுதா இன்னும் கட்டித்தான் இருக்கிறது. வணக்கம்.